உளி படாத இடம்

ஒரு முதியவர் வானுக்கும் மண்ணுக்கும் நடுவே தொங்குகிறார். நீண்ட தாடி, துறவியின் கனத்த மேலாடை. காலடியில் தரை இல்லை. படத்தின் கீழ்மூலையில் மட்டும் சிறிதளவு பாறை தெரிகிறது. அவரைச் சுற்றிலும் ஒன்பது அலகைகள் வளையமாய்ப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஆடையை இழுக்கிறது. ஒன்று கையைப் பிடித்து முறுக்குகிறது. வேறொன்று தடியை ஓங்குகிறது. செதில், முள், வௌவாலின் இறக்கை, தும்பிக்கை போல் நீண்ட மூக்கு, கிழிந்த வாய் என்று ஒவ்வொன்றும் ஒரு கோலம். இத்தனை அமளிக்கும் நடுவே அந்த முதியவரின் முகம் மட்டும் அமைதியாக இருக்கிறது. அவர் அலகைகளைப் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. யாரோ எதிரில் நின்று பேசுவதைப் பொறுமையுடன் கேட்பவர்போல் இருக்கிறார்.

இது புனித வனத்து அந்தோனியார் அலகைகளால் அலைக்கழிக்கப்படும் காட்சி. மார்ட்டின் ஷோன்காவர் என்னும் ஜெர்மானியக் கலைஞர் 1470க்கும் 1475க்கும் இடையில் செப்புத் தகட்டில் வெட்டியது. உயரம் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். அகலம் ஒரு சாண். மடியில் வைத்துப் பார்க்கத்தக்க சிறிய தாள்தான். அடியில் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும், அவற்றின் நடுவே ஒரு சிலுவைக் குறியையும் பொறித்திருக்கிறார். அவர் வாழ்ந்த கோல்மார் நகரம் இன்று பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் இருக்கிறது. தந்தை பொற்கொல்லர். மகனும் அந்தத் தொழிலின் உளியைப் பிடித்தே இந்தக் கலைக்கு வந்தார். 1491இல் அவர் இறந்தார். அதை அறியாமல் 1492இல் இளைஞர் அல்பிரெக்ட் டியூரர் அவரைக் காண ஆவலோடு கோல்மாருக்கு வந்து, மறைந்தவரின் உடன்பிறந்தாரை மட்டும் கண்டு திரும்பினார் என்பது கலை வரலாறு கூறும் செய்தி.

1990களின் தொடக்கத்தில், குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில், திருச்சபை வரலாற்று வகுப்பில்தான் இப்படத்தை முதன்முதலாகக் கண்டேன். அன்று முதல் அது என்னைவிட்டு அகலவில்லை. இப்போது அதன் அச்சுப் பிரதி ஒன்று என் அறைச் சுவரில் தொங்குகிறது. பங்கு இல்லத்துக்கு வருவோரில் சிலர், 'என்ன சாமி, பேய்ப் படத்தை மாட்டி வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியிலிருந்தே நாம் தொடங்கலாம். படத்தில் அலகைகள் ஒன்பது; புனிதர் ஒருவர். காண்போர் கண்ணுக்கு முதலில் படுவது அந்த ஒன்பதும்தான்.

யார் இந்த அந்தோனியார்? நம் மக்கள் பெரிதும் அறிந்தவர் கோடி அற்புதர் எனப்படும் பதுவை அந்தோனியார். கையில் குழந்தை இயேசுவும் லீலி மலருமாய்க் காட்சி தருபவர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நாம் பேசுகிறவரோ அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் வாழ்ந்தவர். அவரை நினைந்தே பதுவைப் புனிதர் தம் துறவுப் பெயரை ஏற்றார். தமிழகத்தில் சில ஊர்களில் இந்த முதல் அந்தோனியாருக்கு ஆலயங்கள் உண்டு. 'வனத்து' என்னும் அடைமொழியோடு அவரை நம் முன்னோர் வேறுபடுத்தி அழைத்தனர். அவருடைய திருநாள் சனவரி 17. பொங்கலை ஒட்டி வருவதால், அன்று மாடுகளைக் கோவிலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்லும் வழக்கமும் உண்டு.

அவருடைய வாழ்வை எழுதியவர் அலெக்சாந்திரியா நகரின் ஆயர் புனித அத்தனாசியுஸ். 356இல் தம் 105ஆம் வயதில் அந்தோனியார் இறந்த சில ஆண்டுகளுக்குள் அந்நூல் எழுதப்பட்டது. துறவியரின் வரலாறுகளுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி ஆயிற்று. பெற்றோரை இழந்த இளைஞர் ஒருவர் ஒருநாள் ஆலயத்தில், உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றுமாறு செல்வரான ஓர் இளைஞரிடம் ஆண்டவர் சொன்ன நற்செய்திப் பகுதியைக் கேட்கிறார். அது தமக்கென்றே வாசிக்கப்பட்டதாகக் கொள்கிறார். நிலத்தை ஊராருக்குக் கொடுக்கிறார். தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைக்கிறார். ஊரின் ஓரத்தில் தொடங்கி மெல்ல மெல்லத் தனிமைக்குள் நடக்கிறார்.

பின்னர் ஊருக்குத் தொலைவில் இருந்த கல்லறை மண்டபம் ஒன்றில் புகுந்து கதவை அடைத்துக்கொள்கிறார். ஓரிரவு அலகைகள் அவரை அடித்துப் பேச்சு மூச்சின்றிக் கிடத்திவிட்டுப் போகின்றன. பல நாள்களுக்கு ஒருமுறை அப்பம் கொண்டுவரும் நண்பர் மறுநாள் வந்து கதவைத் திறக்கிறார். தரையில் கிடப்பவரைத் தோளில் சுமந்து ஊர்க்கோவிலுக்குக் கொண்டுபோய்க் கிடத்துகிறார். உறவினரும் ஊராரும் பிணத்தைச் சுற்றி இருப்பதுபோல் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நள்ளிரவில் அந்தோனியாருக்கு நினைவு திரும்புகிறது. சுற்றிலும் எல்லாரும் உறங்கிக் கிடக்க, அந்த நண்பர் ஒருவர் மட்டும் விழித்திருப்பதைக் காண்கிறார். அவரைச் சைகையால் அழைத்து, யாரையும் எழுப்பாமல் தம்மை மீண்டும் அந்தக் கல்லறைக்கே தூக்கிச் செல்லுமாறு வேண்டுகிறார். நண்பர் மறுக்கவில்லை. தூக்கிச் செல்கிறார்.

அத்தனாசியுஸ் இந்த நண்பரின் பெயரைச் சொல்லவில்லை. ஷோன்காவரும் அவரை வரையவில்லை. ஆயினும் இப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எனக்கு நினைவுக்கு வருகிறார். அவரிடம் பிறகு வருவோம்.

படத்தில் அந்தோனியார் கல்லறைக்குள் இல்லையே, ஆகாயத்தில் அல்லவா இருக்கிறார் என்று வாசகர் கேட்கலாம். அதற்கும் அத்தனாசியுசின் நூலிலேயே விடை இருக்கிறது. பின்னாளில் ஒருமுறை உண்ணும் முன் செபிக்க எழுந்தபோது, தம்மைச் சிலர் வான்வெளியில் அழைத்துச் செல்வதாக அவர் உணர்ந்தார். கொடிய உருவங்கள் வழிமறித்து நின்றன. பிறந்த நாள் முதல் அவர் செய்த குற்றங்களுக்கெல்லாம் கணக்குக் கேட்டன. அழைத்துச் சென்றவர்களோ, பிறப்பு முதலான குற்றங்களை ஆண்டவரே துடைத்துவிட்டார், துறவு பூண்ட நாள் முதலாக வேண்டுமானால் கணக்குக் கேளுங்கள் என்று மறுத்தார்கள். குற்றம் சாட்டியவர்களால் எதையும் மெய்ப்பிக்க முடியவில்லை, வழி திறந்தது.

விவிலியத்தில் சாத்தான் என்னும் எபிரேயச் சொல்லுக்கே எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்றுதான் பொருள். யோபு நூலின் தொடக்கத்தில் அவன் வந்து நிற்பதும் அந்தக் கோலத்தில்தான். சோதனை என்றதும் நாம் பொன்னையும் பெண்ணையும் பதவியையும் எண்ணுகிறோம். அந்தோனியாரைத் தீட்டிய பிற்கால ஓவியர் பலரும் ஓர் அழகியை அவர்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஷோன்காவரின் படத்தில் மயக்கும் பொருள் எதுவும் இல்லை. இழுப்பதும் அடிப்பதும் தான் இருக்கின்றன. மனிதனைத் தன் இடத்தில் நிற்கவிடாமல் பல திசைகளிலும் இழுத்து, 'நீ யாருக்கும் உரியவன் அல்லன்' என்று நம்பவைப்பதே சோதனைகளில் பெரியது என்பதை அந்தப் பொற்கொல்லர் மகன் அறிந்திருந்தார்.

அலகைகளின் உருவங்களை உற்றுப் பாருங்கள். அவற்றில் புதிய உறுப்பு ஒன்றுகூட இல்லை. செதில் மீனுடையது, இறக்கை வௌவாலுடையது, கொம்பும் நகமும் முள்ளும் நாம் அறிந்த உயிர்களுக்கு உரியவை. தீமை என்பது தனியே ஒரு பொருள் அன்று, நன்மையின் குறைவே தீமை என்று புனித அகுஸ்தீனார் கற்பித்ததைக் குருமடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்தப் பாடத்தின் பொருள் இந்தப் படத்தில்தான் எனக்குக் கண்கூடாயிற்று. அலகையால் படைக்க இயலாது. ஆண்டவரின் படைப்பிலிருந்து திருடி, ஒட்டுப்போட்டு, தாறுமாறாக அடுக்கிக் காட்டத்தான் இயலும்.

இளமையில் மைக்கேல் ஆஞ்சலோவும் இப்படத்தில் மனம் பறிகொடுத்தார். இதைப் பார்த்து வண்ணத்தில் தீட்ட முனைந்தவர், அலகைகளின் செதில்களுக்கு நிறம் தேடி மீன் சந்தைக்குப் போய் விதவிதமான மீன்களைக் கவனித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய கொண்டிவி, வசாரி இருவரும் கூறுகின்றனர். அவருடையது என்று கருதப்படும் அந்தப் பலகை ஓவியத்தை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள கிம்பெல் கலைக்கூடம் 2009இல் வாங்கியது. ஏறத்தாழ 12, 13 வயதில் அவர் தீட்டியது என்பது அவர்களின் கணிப்பு. அந்தச் சிறுவனை நினைத்து நான் வியப்பதுண்டு. அலகைக்கு மாதிரி சந்தையில் கிடைத்தது. புனிதரின் முகத்தில் இருக்கும் அமைதிக்கு மாதிரியைத் தேடி அவன் எங்கே போயிருப்பான்?

இனிப் படத்தில் இல்லாத ஒன்றைப் பார்ப்போம். இதில் கடவுள் எங்கே? வானம் திறக்கவில்லை, ஒளிக்கற்றை இறங்கவில்லை, காவல் தூதர் வாளோடு வரவில்லை. மேலே வெறும் தாள்தான் இருக்கிறது. கல்லறையில் நடந்ததாக அத்தனாசியுஸ் எழுதியிருப்பதோ வேறு. இரண்டாம் முறையும் அலகைகள் பாய்ந்து வர, கூரை திறந்து ஒளி இறங்கியது, அலகைகள் மறைந்தன, வலி நின்றது. அப்போது அந்தோனியார் நன்றி கூறவில்லை. மூச்சு வந்ததும் முதலில் அவர் கேட்டது ஒரு கேள்விதான்: இதுவரை எங்கே இருந்தீர், தொடக்கத்திலேயே வந்து என் வேதனையை ஏன் நிறுத்தவில்லை என்பது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 35.

துறவியரின் தந்தை எனப் போற்றப்படும் ஒருவர் இப்படிக் கேட்டார் என்பதை நம் மறையுரைகளில் நாம் அதிகம் சொல்வதில்லை. ஆனால் கோல்மார் வட்டாரத்து மக்கள் அதை நன்கு அறிந்திருந்தார்கள். கோல்மாருக்குத் தெற்கே இசன்ஹைம் என்னும் ஊரில் அந்தோனியார் சபைத் துறவிகளின் மடம் இருந்தது. 'அந்தோனியார் நெருப்பு' என்று மக்கள் அழைத்த கொடிய நோயால் தாக்குண்டோரைப் பேணுவது அச்சபையின் பணி. ரை என்னும் தானியக் கதிரில் வளரும் நச்சுப் பூஞ்சையே அந்நோய்க்குக் காரணம். நம் உழவர்கள் கம்புக் கதிரில் காணும் தேன் ஒழுகல் நோயின் பூஞ்சையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். அந்தத் தானியத்தின் அப்பத்தை உண்டவர்களுக்குக் கைகால்கள் நெருப்பில் இட்டதுபோல் எரியும், கறுத்து உதிரும், சிலருக்குச் சித்தம் கலங்கி இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். பசிக்கு உண்ட அப்பமே இதைச் செய்தது என்பது அந்தக் காலத்து ஏழைகளுக்குத் தெரியாது.

ஷோன்காவர் இந்த மடத்தின் தலைவர் ஜான் டி ஓர்லியேயின் விருப்பப்படி பீட ஓவியம் தீட்டிக் கொடுத்தவர். அவருக்குப் பின் 1512க்கும் 1516க்கும் இடையில் குருனேவால்ட் என்னும் ஓவியர் அதே மடத்துக்குப் பெரும் பீட ஓவியம் ஒன்றைத் தீட்டினார். இரண்டும் இன்று கோல்மார் நகரின் உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. குருனேவால்ட் தீட்டிய ஓவியத்தின் ஒரு கதவில் அந்தோனியார் தரையில் இழுக்கப்படுகிறார். ஒரு மூலையில், உடல் வீங்கிக் கொப்புளம் நிறைந்த உருவம் ஒன்று நோயாளிகளின் கோலத்திலேயே கிடக்கிறது. எதிர் மூலையில் ஒரு சிறு தாள் வரையப்பட்டிருக்கிறது. அதில் இலத்தீனில் எழுதப்பட்டிருப்பது அந்தோனியாரின் அந்தக் கேள்வியேதான். அழுகிய காலோடு கிடந்தவர்களின் கண்முன், பீடத்தின்மேலேயே அந்தக் கேள்வியை எழுதிவைக்க அந்தத் துறவிகளுக்குத் துணிவு இருந்தது. அதை அவர்கள் நிந்தையாகக் கருதவில்லை. செபமாகவே கருதினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் 19 வயது இளைஞன் ஒருவன் இருசக்கர வண்டி விபத்தில் இறந்தான். தாய் கைம்பெண், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய் அவனை வளர்த்தவர். இரவில் உடல் வந்து சேர்ந்தது. செபம் சொல்லி முடித்து நான் அங்கேயே ஓரமாக அமர்ந்திருந்தேன். கூட்டத்தில் பேச்சு எழுந்தது. வண்டி வாங்கியபோது நேர்ந்துகொண்ட வேண்டுதலை அவள் நிறைவேற்றவில்லை என்றார் ஒருவர். அந்த வளைவில் காத்து கருப்பு உண்டு, தாயத்துக் கட்டி அனுப்பியிருக்க வேண்டும் என்றார் மற்றொருவர். கணவன் செத்தபோதே சாபத்தைக் கழித்திருக்க வேண்டும் என்றது மூன்றாவது குரல். ஒவ்வொருவரும் அவர்மீது இரக்கம் கொண்டவர்களே. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் அந்தத் தாயை ஒரு பக்கம் பிடித்து இழுத்தது. அன்று என் கண்முன் அந்தப் பழைய படம் வந்து நின்றது.

அந்த அம்மா யாருக்கும் மறுமொழி சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "சாமி, அந்த நேரத்துல அவரு எங்க இருந்தாரு?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று விளக்கத் தேவை இருக்கவில்லை. 'கடவுளின் திருவுளம்' என்று அருகில் இருந்த ஒருவர் தொடங்கினார், அவரைக் கையமர்த்தினேன். "அந்தோனியாரும் இதைத்தாம்மா கேட்டார்" என்றேன். அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை. அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பின்பு உரக்க அழத் தொடங்கினார். அதுவரை அவர் அழவில்லை என்று பிறகு அறிந்தேன்.

நள்ளிரவுக்குப்பின் பேசியவர்கள் எல்லாரும் திண்ணையிலும் பந்தலிலும் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் மட்டும் உறங்கவில்லை. அவர் நம் சமயத்தவரும் அல்லர். தாயின் காலருகே அமர்ந்து, விடியும்வரை அவர் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்கூடச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எகிப்து நாட்டு ஊர்க்கோவிலில், எல்லாரும் உறங்கியபோது விழித்திருந்த அந்தப் பெயர் தெரியாத நண்பரை அன்று நேரில் கண்டேன்.

அந்தோனியாரின் கேள்விக்கு ஒளியிலிருந்து விடை வந்தது. நான் இங்கேதான் இருந்தேன், உன் போராட்டத்தைக் காணக் காத்திருந்தேன் என்பது அதன் சாரம். இந்த விடையை இறையியல் மாணவனாக வாசித்தபோது அது எனக்கு மனநிறைவு தரவில்லை. அடிபடுகிறவனை அருகில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பது அன்பாகுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். தெளிவு பெற உதவியது, இப்படம் உருவான தொழில்முறைதான்.

பாத்திரக் கடையில் பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். செதுக்கோவியனும் அவ்வாறே செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகளை வெட்டுகிறான். பின்னர் தகடு முழுவதும் மையைத் தேய்க்கிறான், மேற்பரப்பைத் துடைத்துவிடுகிறான், வெட்டிய பள்ளங்களில் மட்டும் மை தங்கிவிடுகிறது. ஈரத்தாளை அதன்மேல் பரப்பி உருளை அச்சில் அழுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறிவிடுகிறது. கோடுகள் எங்கே நெருங்குகின்றனவோ அங்கே இருள், விலகுமிடத்தில் வெளிச்சம். வண்ண ஓவியன் ஒளியை வெள்ளை நிறத்தால் தீட்டலாம். செதுக்கோவியனிடம் வெள்ளை மை இல்லை. அவன் படத்தில் காணும் ஒளி முழுவதும் உளி படாமல் விட்ட இடமே. அதை அவன் உண்டாக்கவில்லை. அது முன்பே அங்கே இருக்கிறது.

இதை அறிந்தபின் ஷோன்காவரின் படத்தை நான் வேறு விதமாகப் பார்க்கலானேன். அலகைகளின் செதிலும் மயிரும் முள்ளும் நுணுக்கமான பல கோடுகளால் ஆனவை. உழைப்பெல்லாம் அங்கேதான். புனிதரின் முகத்தில் கோடுகள் சிலவே. மேலே விரியும் வெளியோ பெரும்பாலும் வெறும் தாள். கடவுள் எங்கே என்று தேடிய எனக்கு, படம் முழுவதற்கும் அடியில் விரிந்து கிடக்கும் அந்த வெண்மை அதுவரை கண்ணில் படவில்லை. அலகைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. எவ்வளவு நெருக்கமாக வெட்டினாலும் இரண்டு கோடுகளுக்கு நடுவே அது இருக்கிறது. நான் இங்கேதான் இருந்தேன் என்ற சொல்லை இப்போது அவ்வாறே புரிந்துகொள்கிறேன். தொலைவில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் சொல் அன்று அது. அந்தோனியாரின் முகத்தில் இருந்த வெளிச்சத்தின் சொல். கூரை திறந்தபோது வந்தது வேறொரு ஒளி அன்று; அதுவரை அவரை அமைதியாய் வைத்திருந்த அதே ஒளிதான் அப்போது வெளிப்பட்டது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த விடை அந்தோனியாருக்குக் கொடுக்கப்பட்டது; அவர் கேட்டபின் கொடுக்கப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு அடுத்தவரின் இழவு வீட்டுக்குப் போய் ஆறுதலாக விநியோகிக்க நமக்கு உரிமை இல்லை. சிலுவையில் ஆண்டவரே தம் தந்தையை நோக்கிக் கேள்விதான் எழுப்பினார்; அங்கே வானிலிருந்து விடை வந்ததாக நற்செய்தியாளர் எழுதவில்லை. விடை மூன்றாம் நாள்தான் வந்தது. அதுவரை சிலுவையடியில் நின்றவர்கள் செய்யக்கூடியது நிற்பது ஒன்றே. அவர்கள் நின்றார்கள்.

அலகைகளைப் பற்றி அந்தோனியார் தம் சீடர்களுக்குக் கற்பித்ததையும் அத்தனாசியுஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அவற்றின் வலிமை பெரும்பாலும் கூச்சலும் பாசாங்கும்தான். நம் அச்சத்தைப் பார்த்தே அவை உருவத்தைப் பெருக்கிக் காட்டுகின்றன. கடவுளிடமிருந்து வருவது மனத்தில் அமைதியையும் துணிவையும் விட்டுச்செல்லும், தீயோனிடமிருந்து வருவது கலக்கத்தையும் சோர்வையும் விட்டுச்செல்லும் என்பது அவர் தந்த அளவுகோல். இந்த அளவுகோலை நம் பங்குகளில் நாம் அதிகம் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. மனநோயால் துன்புறும் மகளைப் பேய் பிடித்தவள் என்று சொல்லிக் கோவில் கோவிலாக அழைத்துச் செல்கிறார்கள். ஆயரின் தெளிவான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நிகழ்த்தக்கூடாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும். நோயுற்ற பெண்ணைச் சுற்றி நின்று, 'நீ யார், எங்கிருந்து வந்தாய்?' என்று அதட்டும் கூட்டத்தைப் பாருங்கள். பிறகு ஷோன்காவரின் ஒன்பது உருவங்களைப் பாருங்கள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை நாமே அறிந்துகொள்ளலாம். அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர், இரவில் அவளோடு விழித்திருப்பவர், மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பவர், இவர்களே அந்தோனியாரைச் சுமந்த நண்பரின் வழிவந்தவர்கள்.

கல்லறைப் போராட்டத்துக்குப்பின் அந்தோனியார் பாலைநிலத்துப் பாழடைந்த கோட்டை ஒன்றில் 20 ஆண்டுகள் தனித்திருந்தார். இறுதியில் நண்பர்கள் கதவைப் பெயர்த்தெடுத்தபோது அவர் வெளியே வந்தார். உடல் பருக்கவுமில்லை, நோன்பால் வாடவுமில்லை. கூட்டத்தைக் கண்டு அவர் கலங்கவில்லை, மகிழ்ந்து துள்ளவுமில்லை. பிறகு என்ன செய்தார்? அழுதவர்களைத் தேற்றினார், பகைத்து நின்றவர்களை ஒப்புரவாக்கினார் என்று அத்தனாசியுஸ் எழுதுகிறார். 'எங்கே இருந்தீர்?' என்று ஒருமுறை உரக்கக் கேட்டவர் என்பதால்தான் பிறர் அழும்போது அருகில் இருக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் சனவரி 17 அன்று கொம்பில் வண்ணம் தீட்டிய மாடுகளோடும் பொங்கல் பானைகளோடும் வனத்து அந்தோனியார் கோவில் முற்றங்கள் நிறையும். அவருடைய சில சொரூபங்களில் காலருகே ஒரு பன்றி நிற்பதைக் காணலாம். நோயாளிகளைப் பேணிய அவருடைய சபைத் துறவிகள் வளர்த்த பன்றி அது. அவர்களின் மருத்துவமனைகள் அதனாலும் பிழைத்தன. அலகைகளை வென்றவரின் காலடியில் திருச்சபை நிறுத்திவைத்திருப்பது ஏழை நோயாளிக்கு உணவளித்த ஒரு விலங்கை. மாட்டை மந்திரித்து வீடு திரும்பும் வழியில், நம் தெருவில் இரவெல்லாம் விளக்கு எரியும் வீடு எது என்று பார்த்துச் செல்வோம். அங்கே ஒருவர் விழித்திருக்கக் கூடும். அவருக்குச் சற்று உறக்கம் கிடைக்க, ஓரிரவு நாம் விழித்திருக்கலாம்.